குளவியும் பூக்கூடையும்

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

நான் ஓர் இத்தாலிய வாகனம் வைத்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? வகுப்பில் முதன்முதலாக இதைச் சொன்னபோது, பின் வரிசை நண்பன் ஒருவன் “டுகாட்டியா?” என்று எழுந்தே நின்றுவிட்டான். டுகாட்டி ஒன்றின் விலைக்கு எங்கள் தெருவில் பாதியை வாங்கிப் போட்டுவிடலாம். மறுநாள் மரத்தடியில் நின்ற வண்டியைக் காட்டினேன். “அட, எல்.எம்.எல். வெஸ்பா! எங்க தாத்தா வெச்சிருந்தாரு” என்றான். சிரிப்பு அடங்க ஒரு பாடவேளை ஆயிற்று.

சிரித்தவர்களுக்காக வண்டியின் குலம் கோத்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் செய்துகொண்டிருந்த பியாஜியோ என்னும் இத்தாலிய நிறுவனத்தின் பொந்தேதெரா ஆலை குண்டுவீச்சில் நொறுங்கிப் போயிற்று. போர் முடிந்தபின் விமானத்துக்கு வேலையில்லை. மக்களுக்கு மலிவான வண்டி தேவைப்பட்டது. அதை வடிவமைத்துத் தந்தவர் கொராதினோ தஸ்கானியோ. ஹெலிகாப்டர் ஆராய்ச்சியில் பேர்பெற்ற விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. சங்கிலி எண்ணெய் உடையில் படும், டயர் பஞ்சரானால் கழற்றுவது பெரும்பாடு, ஏறி உட்காரக் காலைத் தூக்கிப் போட வேண்டும் என்பவை அவர் கண்ட குறைகள். ஆகவே அவர் சங்கிலியை ஒழித்தார். கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். விமானச் சக்கரத்தைப் போல ஒரே பக்கத் தாங்கலில் முன்சக்கரத்தை மாட்டினார். கால் வைக்க அகலமான தளம் விட்டார். 1946-இல் வெளிவந்த அந்த வண்டிக்கு வைத்த பெயர் வெஸ்பா. இத்தாலிய மொழியில் குளவி என்று பொருள். அதன் ஒடுங்கிய இடுப்பையும் ரீங்காரத்தையும் கண்டவர்கள் பெயர்ப் பொருத்தத்தை ஒப்புக்கொள்வார்கள்.

நம் நாட்டுக்கு இத்தாலி வந்தது ஸ்கூட்டர் ஏறித்தான். 1950-களில் பம்பாயில் லாம்ப்ரெட்டா உருவாயிற்று. அடுத்த பத்தாண்டில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமம் பெற்று வெஸ்பாவைச் செய்தது. 1971-இல் உரிமம் முடிந்ததும் ஏறத்தாழ அதே உருவத்தில் சேதக் வந்தது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டு காத்திருந்தவர்கள் உண்டாம்! 1972-இல் தொடங்கிய லக்னோ அரசு ஆலையோ, லாம்ப்ரெட்டா செய்த மிலான் ஆலையின் இயந்திரங்களையே விலைக்கு வாங்கி ‘விஜய் சூப்பர்’ செய்தது. பிறகு 1980-களில் கான்பூரின் எல்.எம்.எல். நிறுவனம் பியாஜியோவோடு கைகோத்தது. 1999-இல் இருவரும் பிரிந்தனர். பின்னாளில் எல்.எம்.எல். மூடியே போயிற்று. என் வண்டி 1998-இல் பதிவானது. பிரிவதற்கு ஓராண்டு முன் பிறந்த பிள்ளை.

இவ்வளவும் எனக்கு வண்டி வாங்குவதற்கு முன்பே தெரியும். தெரிந்திருக்க வேண்டியது ஒன்றும் தெரியாது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத வந்தேன்.

எங்கள் வீடு கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கிறது. அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். தீபத்துக்கும் பொங்கலுக்கும் வருவார். அம்மா பூ கட்டி விற்பவர். விடியற்காலை மூன்றரை மணிக்கு நகரத்துப் பூ மார்க்கெட்டுக்குப் போய் முல்லையும் சாமந்தியும் எடுத்துவந்து, கட்டி, நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் கூடை வைப்பார். பௌர்ணமி நாளில் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி இலட்சக்கணக்கானோர் நடக்கும்போது, அந்த ஓரிரவு வியாபாரம்தான் எங்கள் வீட்டின் பாதி மாதத்துக்கு அரிசி. மார்க்கெட் போய்வர ஆட்டோவுக்கு நாள்தோறும் நூறு ரூபாய் போயிற்று. இருபத்தைந்தாயிரம் ரூபாய்ச் சீட்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, “ஒரு எக்ஸ்.எல். பழசா பாத்து வாங்குடா கண்ணு” என்றார் அம்மா.

அம்மா கேட்டது டி.வி.எஸ். எக்ஸ்.எல்.! பூக்கூடைக்கும் மூட்டைக்கும் பால் கேனுக்கும் அதைவிடத் தோதான வண்டி இந்த மாவட்டத்தில் இல்லை என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் நான் கல்லூரி மாணவன் அல்லவா? எக்ஸ்.எல்.லில் கல்லூரி வாசலில் வந்து இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. இதை ஆண்டு மலரில் அச்சிட்டுச் சொல்ல இப்போது வெட்கப்படவில்லை. அப்போது அம்மாவிடம் சொல்லத்தான் வெட்கப்பட்டேன்.

அந்த நேரத்தில்தான் நகரத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வெஸ்பா விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். திண்ணையின் ஓரத்தில் பழைய வேட்டி போர்த்தி நின்றது. வேட்டியை விலக்கினார். பச்சை வண்ணம் பாசிபோல் மின்னிற்று. மீட்டரில் 11,400 கிலோமீட்டர்! வெள்ளிக்கிழமை கோவிலுக்கும் மாதம் ஒருமுறை வங்கிக்கும் மட்டுமே எடுத்தாராம். 2023-இல் பதிவைப் புதுப்பிக்க ஓட்டிக் காட்டியதுதான் கடைசி. பிறகு முழங்கால் வலி. ஒரே உதையில் இன்ஜின் கிளம்பிற்று. பதினான்காயிரம் சொன்னார், பேரம்கூடப் பேசாமல் எடுத்து வைத்தேன். மிச்சம் பதினோராயிரத்தை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, “அதிகம் ஓடாத வண்டிம்மா, புதுசு மாதிரி” என்றேன். “நீ படிச்ச புள்ள. பாத்துதான் வாங்கியிருப்ப” என்றார்.

நான் எதைப் பார்த்தேன்? வண்ணத்தையும் மீட்டரையும் பார்த்தேன். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தேன். அது ஒன்றைத்தான் உருப்படியாகச் செய்தேன். வாங்க நினைக்கும் நண்பர்கள் வேறு சிலவற்றையும் பாருங்கள். முதலில் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே வண்டியைக் கிளப்பி வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதே சோதனை. கால் தளத்துக்கு அடியில் குனிந்து திருகாணியால் தட்டிப் பாருங்கள். இந்த வண்டிக்கு மோட்டார் சைக்கிளைப் போல் தனி எலும்புக்கூடு கிடையாது. தகட்டு உடம்பே எலும்பு. அங்கே துரு தின்றிருந்தால் எத்தனை வண்ணம் பூசினாலும் பயனில்லை. மீட்டர் ஓடுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். முன்சக்கரத்திலிருந்து வரும் கேபிள் அறுந்திருந்தால் எந்த வண்டியும் அதிகம் ஓடாத வண்டிதான்! என் பெரியவர் மீட்டர் பொய் சொல்லவில்லை. மெய்தான் சொல்லிற்று, அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

முதல் மூன்று வாரம் ராஜபோகம். அம்மா பின் இருக்கையில், கூடை கால் தளத்தில். செங்கம் சாலையில் ஒரு தேநீர்க் கடையருகே வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வண்டியைக் கண்டு நின்றார். ஆங்கிலமும் அவருக்கு வராது, தமிழும் வராது. “வெஸ்பா” என்று சொல்லி, குளவிபோல் வாயால் ஒலி எழுப்பிக் காட்டி, இருக்கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அன்று முழுதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு புகை வரத் தொடங்கிற்று. டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடுவது. கொஞ்சம் புகையும்தான் என்று இருந்தேன். சித்ரா பௌர்ணமி வந்தது. அன்று கிரிவலப் பாதையில் வண்டிகளைத் தடுத்துவிடுவார்கள் என்பதால் விடிவதற்குள் வீடு சேர வேண்டும். கட்டும் வேலை இருந்ததால் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் மட்டும் போய், வழக்கத்தைப்போல் மூன்று மடங்கு பூ ஏற்றிவந்தேன். செங்கம் சாலையிலிருந்து கிரிவலப் பாதைக்குத் திரும்பும் இடத்தில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. உதைத்தேன். சாய்த்து உதைத்தேன். சோக்கை இழுத்து உதைத்தேன். அரைமணி உதைத்தும் வெள்ளைப் புகை ஒருமுறை வந்ததேயன்றி உயிர் வரவில்லை. மீதி வழி முழுதும் தள்ளினேன். சித்திரை வெயில் ஏறிவிட்டது. வீடு சேரும்போது முல்லை அரும்பெல்லாம் சாக்குக்குள்ளேயே விரிந்து கிடந்தது. விரிந்த முல்லையைக் கட்டினால் சரம் நிற்காது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விரிந்ததைத் தனியாகவும் மிஞ்சியதைத் தனியாகவும் பிரித்தார். “எக்ஸ்.எல். தான் வாங்கியிருக்கணும்மா. எனக்குப் புடிச்சிருந்துச்சின்னு இத வாங்கிட்டேன்” என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “படிச்சவன் பாத்தா சரியா இருக்கும்னு நெனச்சேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் விடியற்காலை வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டது. நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

வண்டியைக் காட்டிய இடத்திலெல்லாம் ஒவ்வொரு வைத்தியம் சொன்னார்கள். பிளக்கை மாற்று என்றார் ஒருவர். மாற்றினேன், ஒரு வாரம் ஓடி மறுபடியும் பிளக் எண்ணெயில் குளித்தது. டூ டி ஆயிலைக் குறைத்து ஊற்று என்றார் இன்னொருவர். நல்லவேளையாக அதைக் கேட்கவில்லை. லிட்டருக்கு இருபது மில்லி என்பது பிஸ்டனுக்கு உயிர். குறைத்தால் புகைக்குப் பதில் பிஸ்டனே போகும். எடைக்குப் போடு என்றார் மூன்றாமவர். கடைசியாகப் போளூர் சாலைப் பக்கம் ஒரு பாயிடம் போனேன். லாம்ப்ரெட்டா காலத்திலிருந்து ஸ்கூட்டர் பார்ப்பவர். புகையை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தார். “தம்பி, கியர் ஆயிலைப் புதுசா கால் லிட்டர் அளந்து ஊத்து. ஒரு மாசம் ஓட்டு. திரும்ப எறக்கி அளந்து எடுத்துகினு வா” என்றார். கருவி எதையும் தொடவில்லை, காசும் வாங்கவில்லை.

அளக்கும் குவளைக்கு எங்கே போவது? மருந்துக் கடையில் குழந்தைக்குப் பால் புகட்டும் புட்டி ஒன்று வாங்கினேன். அதில் மில்லி கோடுகள் இருக்கும். 250 மில்லி ஊற்றினேன். இரவில் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். ஒரு சொட்டுக் கறைகூட விழவில்லை. வழிப்பயணம் மட்டும் என்ற அளவில், இரண்டு பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டினேன். மாத முடிவில் இறக்கினால் 160 மில்லிதான் வந்தது!

பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற லவாய்சியரின் விதியை ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறு மில்லி எண்ணெய் தரையில் சிந்தவில்லை. அப்படியானால் எங்கே போயிற்று? விடையைப் பாயிடம் போகுமுன் சைலன்சர் முனையைப் பார்த்தபோதே கண்டுகொண்டேன். இன்ஜின் குடித்துப் புகைத்திருக்கிறது.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க் அறையில் காற்றழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில்தான் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. அதே கிராங்க் தண்டின் ஒரு பக்கம் கிளட்சும் கியர் எண்ணெயும்; மறுபக்கம் மேக்னட். இரு பக்கமும் ஆளுக்கொரு ரப்பர் வளையம் காவல் நிற்கிறது. ஆயில் சீல் என்பார்கள். கிளட்ச் பக்கத்துக் காவல் கெட்டால் பெட்ரோலோடு கியர் எண்ணெயும் உள்ளே உறிஞ்சப்படும், வெண்புகை வரும், பிளக் நனைந்து அவியும். மேக்னட் பக்கத்துக் காவல் கெட்டால் வெறுங்காற்று புகும், ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் தானாக அலறும், சூடேறி இறுகும். சீல் ஏன் கெட்டது என்று கேட்டதற்குப் பாய் சொன்னார்: “ஓடுன வண்டி தேயும். நின்ன வண்டி காயும். இது நின்ன வண்டி.”

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினை இறக்கினோம். மற்ற வண்டிகளில் எப்படியோ, இதில் கேபிள்களை விடுவித்து, முன்னால் ஒரு நீள போல்ட்டையும் பின்னால் ஷாக் அப்சார்பர் போல்ட்டையும் உருவினால் இன்ஜின் கைக்கு வந்துவிடும். பாய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். “நீயே கழட்டு. நாளைக்கு ரோட்டுல நானா வரப்போறேன்?” என்றார். ஓடு இரண்டையும் பிரித்துச் சீலை எடுத்தேன். நகம் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டிய ரப்பர், மேசையில் தட்டினால் ‘டக்’ என்றது. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் படாமல் திண்ணையில் நின்று காய்ந்த ரப்பர். பதினோராயிரத்து நானூறு கிலோமீட்டர் என்று நான் கொண்டாடியது இதைத்தான்! சீல்கள், பேரிங், பேக்கிங், பிஸ்டன் ரிங் எல்லாம் சேர்ந்து 4,800 ரூபாய் ஆயிற்று. ஆலை மூடினாலும் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. இங்கே இல்லாததைப் பாய் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரவழைத்தார்.

பெட்ரோல் தொட்டியிலும் துரு. இதில் என் படிப்பைக் காட்டலாம் என்று எண்ணி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றலாமா என்று எங்கள் துறைப் பேராசிரியரிடம் கேட்டேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “துருவும் கரையும், தகடும் கரையும். ஹைட்ரஜன் வேறு வரும். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும். எந்தப் புத்தகத்தில் படித்தாய்?” என்றார். பிறகு அவரே வழி சொன்னார். தொட்டியைக் கழற்றிப் பெட்ரோல் வாடை போகுமட்டும் சோப்பு நீரில் கழுவி, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஓரிரவு ஊறவைத்தேன். காலையில் துரு தேநீர் நிறத்தில் வெளியே வந்தது. சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, உடனே டூ டி ஆயில் விட்டுச் சுழற்றினேன். விட்டுவிட்டால் மாலைக்குள் புதுத் துரு பூத்துவிடும்.

அவரே இன்னொரு சோதனையும் செய்து காட்டினார். அளவு உருளையில் 80 மில்லி பெட்ரோலும் 20 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தால், கீழே படியும் நீர்ப் படலம் இருபதில் நிற்காமல் 35-ஐ ஒட்டி ஏறுகிறது. பெட்ரோலில் கலந்த எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்கிறது. 2025-க்குள் நாட்டின் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் வந்துவிட்டது. அது ஈரத்தை இழுக்கும். நெடுநாள் நின்ற தொட்டியில் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து அடியில் தங்கும்; நாம் கலந்த எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். இன்ஜினுக்கு முதலில் போவது அடியில் இருப்பது. எண்ணெயில்லாத அந்த வாயளவு போதும், பிஸ்டனில் கீறல் விழ. ஆகவே விடுமுறைக்கு வண்டியை நிறுத்துகிறவர்கள் இருக்கைக்குக் கீழுள்ள பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். பழைய ரப்பர் குழாயையும் மாற்றிவிடுங்கள்.

பஞ்சர் ஒட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். இந்த வண்டியின் ரிம் இரண்டு பாதிகளாக இணைந்தது. காற்றை முழுக்க இறக்காமல் பாதிகளைச் சேர்க்கும் நட்டைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும். ஆனால் அந்த அவசரமே வேண்டியதில்லை. இடப்பக்கப் பேனலுக்குள் மாற்றுச் சக்கரம் இருக்கிறது. பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர் ஒன்றிருந்தால் கார்ச் சக்கரம்போல் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். தஸ்கானியோ நல்லவர்.

வண்டி சரியானதும் அம்மா உடனே ஏறிவிடவில்லை. இரண்டு மாதம் ஆட்டோதான். நான் தனியாக மார்க்கெட் போய்ச் சாமந்தி மட்டும் எடுத்துவருவேன். சாமந்தி தாமதத்தைத் தாங்கும். ஆடி பிறந்த பிறகு ஒருநாள் விடியலில் வாசலுக்கு வந்து, ஆட்டோவுக்குச் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னார். ஏறி உட்கார்ந்தார். முல்லைதான் எடுத்தோம்.

ஆர்.சி.யை அம்மாவின் பெயருக்கே மாற்றினேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துப் படிவம் 29-ஐயும் 30-ஐயும் நான் நிரப்ப, அவர் தமக்குத் தெரிந்த ஐந்தெழுத்துக் கையெழுத்தைப் போட்டார். அடுத்த புதுப்பிப்பு 2028-இல். அதற்குள் கால் தளத்தின் இடது மூலையில் தெரியும் துருவைச் சுரண்டிப் பூச வேண்டும்.

ஆய்வக நோட்டைப் போலவே வண்டிக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெய், இறக்கிய எண்ணெய், பிளக்கின் நிறம். செங்கல் பொடி நிறத்தில் இருந்தால் நலம், கறுத்து நனைந்திருந்தால் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் பால் புட்டியோடு திண்ணையில் உட்காருவேன். அம்மாவுக்கு எழுத்து வராது. ஆனால் அந்த நோட்டு எதற்கென்று தெரியும்.

சென்ற மாதம் பூ கட்டிக்கொண்டே கேட்டார். “இந்த வாட்டி எவ்ளோ கொறஞ்சிருக்கு?”

“பத்து மில்லிம்மா.”

“போன வாட்டி?”

“அதுவும் பத்துதான்.”

“செரி” என்று நாரைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த சரத்துக்குக் கண்ணி போட்டார்.